தாது வருஷப் பஞ்சமும் ஆதித்யா விண்கலமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

சூரியனைப் பற்றிய செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் ஆதித்யா எல்-1 கிளம்பியது. 2024 ஜனவரி 6-ல் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் பெரிய சூரியப் புயல் அடித்து, லடாக்கில் ஹான்லே வானம் சிவந்தது. டிசம்பர் 24-ல் அமெரிக்காவின் பார்க்கர் விண்கலம் சூரியனுக்கு 61 லட்சம் கிலோமீட்டர் நெருக்கத்தில் போய் வந்தது. இன்னொரு பக்கம், "இன்று இரவு சூரியக் கதிர் வருகிறது, கைபேசியை அணைத்து வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வதந்தியும் வருகிறது.

நம் உறவினர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆதித்யாவுக்கு, ராக்கெட் செலவு போக, 378 கோடி ஒதுக்கினார்களாமே. சோறில்லாத ஜனங்கள் இருக்கிற நாட்டில் சூரியனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?"

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தப் பதிவு. சோற்றுக்கும் சூரிய ஆராய்ச்சிக்கும் நம் தமிழ்நாட்டில் ஒரு பழைய உறவு இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் பஞ்சம் வரலாற்றுப் பாடத்தில் வரும், சூரியன் அறிவியல் பாடத்தில் வரும். இரண்டும் ஒரே கதை என்று சொல்வதற்கு இடம் இருக்காது. அதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

கதை 1876-ல் தொடங்குகிறது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருஷம். "தாது வருஷப் பஞ்சம்" என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் சரியாகப் பெய்யவில்லை. பெல்லாரி, கர்நூல், கடப்பை தொடங்கி சேலம், கோயம்புத்தூர் வரை மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதியும், மைசூர், ஹைதராபாத், பம்பாய் பகுதிகளும் காய்ந்தன. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். உயிர் பிழைக்க ஊரைவிட்டு இலங்கையின் தோட்டங்களுக்கும் மற்ற நாடுகளுக்கும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். கும்மிப் பாட்டாகவும் ஒப்பாரியாகவும் பல ஊர்களில் அந்தப் பஞ்சத்தை மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.

மழை இல்லாததால் விளைச்சல் இல்லை. அது உண்மை. ஆனால் தானியமே இல்லாமல் போய்விட்டதா? அப்படி இல்லை. பஞ்சம் முற்றிக்கொண்டிருந்தபோதே இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. ரயில் இருந்தது, மூட்டைகள் போயின. வாங்க ஏழைகளிடம் காசு இல்லை. மதராஸ் அரசு முன்னெச்சரிக்கையாக 30,000 டன் தானியம் வாங்கியபோது, வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் அரசு அதைக் கண்டித்தது. சந்தை விஷயத்தில் அரசு தலையிடக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1877 ஜனவரி 1-ல் விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் பெரிய தர்பார் நடத்தினார் லிட்டன். தெற்கே சனங்கள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது.

அடுத்து ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். செலவைக் குறைப்பது அவர் வேலை. நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று அவர் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். மண் வெட்டி, கல் உடைத்து, சுமை தூக்கும் ஆளுக்கு இது ஒரு நாள் உணவு! மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், "இந்த உணவில் உழைக்கும் உடம்பு தாங்காது" என்று விடாமல் எதிர்த்தார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலியை உயர்த்தினார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. இன்று அதைக் கடந்து போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். அது பசியோடு வெட்டிய கால்வாய் என்பதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதில் சூரியன் எங்கே வந்தது?

ஜெர்மனியில் ஷ்வாபே என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். புதன் கிரகத்துக்கும் உள்ளே, சூரியனுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கிரகம் இருக்கும் என்று நம்பி, அது சூரியனைக் கடக்கும்போது கரும்புள்ளியாகத் தெரியாதா என்று 1826 முதல் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குழப்பம் வராமல் இருக்க, சூரியனில் இயல்பாகவே இருக்கும் கரும்புள்ளிகளையும் தினமும் எண்ணி எழுதி வைத்தார். கிரகம் கிடைக்கவில்லை. ஆனால் 17 வருடக் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, கரும்புள்ளிகள் ஒரு ஒழுங்கில் கூடிக் குறைகின்றன என்று தெரிந்தது. 1843-ல் அதை வெளியிட்டார். இந்தச் சுழற்சி ஏறக்குறைய 11 ஆண்டு என்று பின்னால் உறுதியானது. தேடிப்போனது கிடைக்கவில்லை, எழுதி வைத்த கணக்கு வேறொன்றைக் கொடுத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் இது மறுபடி மறுபடி வரும்.

சூரியனில் ஏற்ற இறக்கம் இருக்கிறது என்றால், பூமியின் மழையிலும் அது தெரிய வேண்டும் அல்லவா? இப்படி யோசித்தவர்கள் பலர். கரும்புள்ளி எண்ணிக்கையையும் கோதுமை விலையையும் 1801-லேயே ஒப்பிட்டுப் பார்த்தவர் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல்.

இந்தியாவில் புள்ளிவிவரத் துறைக்குத் தலைவராக இருந்தவர் வில்லியம் வில்சன் ஹண்டர். பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1877-ல் அவர் மதராஸ் வானாய்வகத்தில் 1813 முதல் எழுதி வைத்திருந்த மழைக்கணக்கை எடுத்தார். அதைக் கரும்புள்ளிக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார். கரும்புள்ளி குறையும் ஆண்டுகளில் மதராஸில் மழையும் குறைகிறது, பஞ்சமும் அப்போதுதான் வருகிறது என்று சொன்னார். லண்டனில் நார்மன் லாக்யர் அவரோடு சேர்ந்தார். லாக்யர் சாதாரண ஆள் இல்லை. 'நேச்சர்' அறிவியல் இதழைத் தொடங்கியவர். 1868 ஆகஸ்ட் 18-ல் குண்டூர், மசூலிப்பட்டினம் பக்கம் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்துக்குப் பிறகு, சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டை வைத்து ஹீலியம் என்ற தனிமம் இருப்பதாகச் சொன்னவர். இருவரும் சேர்ந்து 1877-ல் கரும்புள்ளிகளும் பஞ்சங்களும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

இந்தக் கருத்தில் ஓர் ஆசையும் இருந்தது, ஓர் ஆபத்தும் இருந்தது. பஞ்சம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தானியம் சேர்த்து வைக்கலாமே என்பது ஆசை. பஞ்சம் சூரியனிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டால், ஏற்றுமதியை ஏன் நிறுத்தவில்லை, கூலியை ஏன் குறைத்தாய் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது ஆபத்து. பழியை வானத்தின் மேல் போடுவதைப்போல ஆட்சியாளர்களுக்கு வசதியானது வேறு எதுவும் இல்லை. இது அன்றைக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது மதராஸ் வானாய்வகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-ல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஆரம்பித்த வானாய்வுக்கூடம் அது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வானாய்வகமாக அமைந்தது. அங்கே தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்த நம்மவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து போனபோது, பொதுமக்களுக்குப் புரிய வேண்டும் என்று இந்திய மொழிகளில் அதை விளக்கி நூல் எழுதினார். நம் ஆசிரியர் வர்க்கத்தில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த வானாய்வகத் தலைவர் நார்மன் போக்சன், மலைமேல் ஒரு நல்ல தொலைநோக்கி வேண்டும் என்று 1882-லேயே கேட்டார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் சுற்றி இடம் பார்த்தார். பஞ்சங்களுக்குப் பிறகு நடந்த விசாரணைகளில், சூரியனை ஆராய்ந்தால் பருவமழையைப் புரிந்துகொள்ளலாம் என்ற கருத்து வலுத்திருந்தது. 1893-ல் லண்டனில் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு, சூரிய ஆய்வகம் ஒன்றைக் கொடைக்கானலில் அமைப்பது என்று முடிவு செய்தது. தென்கோடி, உயரம், தூசியில்லாத காற்று ஆகியவை காரணங்கள். 1895-ல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899-ல் ஆய்வகம் அமைந்தது. மதராஸின் வானியல் வேலை மலை ஏறியது.

கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். இன்றுள்ள மலைச்சாலை வருவதற்கு முந்தைய காலம். ஆள்களும் மட்டக்குதிரைகளும் ஏறும் பாதையில்தான் எல்லாம் மேலே போக வேண்டும். கண்ணாடி வில்லைகளையும் இரும்புக் கருவிகளையும் அந்தப் பாதையில் கொண்டு சேர்த்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பள்ளிச் சுற்றுலாவில் உங்களில் சிலரை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். எல்லோர் கண்ணும் ஏரியிலும் படகிலும் இருந்தது. அந்த வயதில் அப்படித்தான் இருக்கும்.

1904 முதல் அங்கே வானம் தெளிவாக இருக்கும் நாளெல்லாம் சூரியனைப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் கண்ணாடித் தகடு, பிறகு பிலிம், இப்போது டிஜிட்டல். இரண்டு உலகப்போர் வந்தது, சுதந்திரம் வந்தது, ஆட்சி மாறியது. படம் எடுப்பது நிற்கவில்லை.

1907-ல் அங்கே ஜான் எவர்ஷெட் வந்து சேர்ந்தார். உடன் வந்த அவர் மனைவி மேரியும் வானியல் அறிஞர். அமெரிக்காவில் ஹேல் என்பவர் 1908-ல், கரும்புள்ளி என்பது பலத்த காந்தப்புலம் உள்ள இடம் என்று நிறுவியிருந்தார். சுற்றிலும் உள்ள பரப்பைவிட வெப்பம் குறைவாக இருப்பதால்தான் அது கருப்பாகத் தெரிகிறது. கரும்புள்ளிக்குள் வாயு சுழல்போலச் சுற்றுகிறதா என்று எவர்ஷெட் பார்த்தார். 1909 ஜனவரியில் அவருக்குக் கிடைத்தது வேறொன்று. வாயு சுற்றவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. உலகெங்கும் உள்ள சூரிய இயற்பியல் புத்தகங்களில் இன்றும் அதற்கு "எவர்ஷெட் விளைவு" என்று பெயர். நம் கொடைக்கானலில் கண்டுபிடித்தது. ஷ்வாபேக்கு நடந்ததே இங்கேயும் நடந்ததைக் கவனியுங்கள்.

ஆனால் ஆய்வகம் தொடங்கியதற்குக் காரணமான கேள்வி என்ன ஆனது? சூரியப் புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்ல முடிந்ததா?

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் மாணவர். பூமராங் எறிவதில் பைத்தியம். வானிலை படிக்காத அவரை 1904-ல் இந்திய வானாய்வகங்களின் தலைமை இயக்குநராக நியமித்தார்கள். தமிழர்களாகிய நாம் அவருக்கு இன்னொரு வகையிலும் நன்றி சொல்ல வேண்டும். 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஓர் இளைஞரின் கணக்கு நோட்டைக் காட்டினார்கள். மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, அந்த இளைஞருக்கு உதவித்தொகை கொடுக்கும்படி பரிந்துரைத்தார். அந்த இளைஞர் ராமானுஜன். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

வாக்கர், மழைக்கும் எதெதற்கும் தொடர்பு உண்டு என்று ஊகத்தில் பேசுவதை விட்டுவிட்டு, கணக்குப் போட்டுப் பார்த்தார். கணினி இல்லாத காலம். இந்தியக் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, பல நாடுகளின் மழை, காற்றழுத்தம், வெப்பநிலை எண்களைக் கையால் பெருக்கிக் கூட்டினார்கள். 1915-ல் அவர் கரும்புள்ளிகளையும் மழையையும் ஒப்பிட்டு முடிவை வெளியிட்டார். தொடர்பு மிகச் சொற்பம். அதை நம்பி மழையை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எவ்வளவு பெரியவர்கள் சொன்ன கருத்து! புள்ளியியல் தலைவர் சொன்னது, ஹீலியம் கண்டவர் சொன்னது. அதற்காகவே ஒரு மலையில் ஆய்வகம் கட்டியாகிவிட்டது. அதே அரசின் அதிகாரி கணக்குப் போட்டு "இல்லை" என்று சொன்னார். பாடப்புத்தகத்தில் விடைகள் மட்டும் இருக்கும். அறிவியல் என்பது இப்படி "இல்லை" என்று சொல்லும் நாளும் சேர்ந்ததுதான்.

வாக்கரின் கணக்குகளில் வேறொன்று தலைகாட்டியது. பசிபிக் கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால், இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. தராசுத் தட்டு மாதிரி. அதற்குத் தெற்கு அலைவு என்று அவர் பெயரிட்டார். பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் கடல்நீர் சூடாவதைப் பார்த்து, குழந்தை இயேசுவை நினைத்து எல் நினோ என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள் என்று 1969-ல் பெயர்க்னெஸ் என்ற விஞ்ஞானி விளக்கினார். எல் நினோ வரும் பல ஆண்டுகளில் நம் பருவமழை தளர்கிறது. இன்று செய்தியில் வானிலைத் துறை எல் நினோ என்று சொல்லும்போது அதற்குப் பின்னால் வாக்கரின் குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள்.

பிறகு பழைய பதிவுகளை வைத்துப் பின்னோக்கிப் பார்த்தபோது, 1877-78-ல் வந்த எல் நினோ மிகக் கடுமையான ஒன்று என்று தெரிந்தது. தாது வருஷத்தில் மழையைக் கெடுத்த குற்றவாளி கடலில் இருந்தார், வானத்தில் இல்லை. மழை கெட்டதைப் பட்டினிச் சாவாக மாற்றியவர்கள் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். பிற்காலத்தில் மழை மோசமாகப் பொய்த்த ஆண்டுகளிலும், ரேஷன் கடையும் இருப்புத் தானியமும் இருந்ததால் அந்த அளவுக்கு மக்கள் சாகவில்லை. வறட்சி இயற்கையில் வருகிறது. பஞ்சம் அப்படியே இயற்கையில் வருவதில்லை.

அப்படியென்றால் கொடைக்கானலில் அத்தனை ஆண்டு எடுத்த படங்கள் வீணா?

இல்லை. மழைக்காகப் பார்க்க ஆரம்பித்த சூரியனிடம் வேறு காரியம் இருந்தது. 1859 செப்டம்பர் 1-ல் கேரிங்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு கரும்புள்ளிக் கூட்டத்தின் மேல் திடீரென்று வெளிச்சம் வெடித்ததைப் பார்த்தார். ஒரு நாளுக்குள் பூமியின் காந்தப்புலம் ஆட்டம் கண்டது. தந்திக் கம்பிகளில் தானாக மின்சாரம் பாய்ந்து, தந்தி ஊழியர்களுக்கு அதிர்ச்சி அடித்தது. பம்பாய் கொலாபா ஆய்வகத்துக் காந்தக்கருவியில் அந்தப் புயலின் வேகம் பதிவாகியிருக்கிறது. அந்த ஆட்டத்தின் பெரும் அளவுக்கு இன்றும் விஞ்ஞானிகள் அந்த பம்பாய்ப் பதிவைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அங்கேயும் யாரோ தினசரி விடாமல் எழுதி வைத்ததன் பலன்.

1859-ல் தந்தி மட்டும்தான் இருந்தது. இன்று மின்கட்டமைப்பு, செயற்கைக்கோள், விமானத் தகவல் தொடர்பு, வழிகாட்டி எல்லாமே சூரியன் மனம் வைத்தால்தான். 1989 மார்ச்சில் சூரியப் புயல் அடித்து கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் மின்சாரம் இல்லை. 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை ஒரு சாதாரணப் புயலாலேயே கீழே விழுந்து எரிந்தன. நம் உடம்புக்கு ஆபத்தில்லை, கைபேசியை அணைக்கவும் வேண்டாம். நாம் கட்டி வைத்திருக்கும் ஏற்பாடுகளுக்குத்தான் ஆபத்து.

சூரியன் எப்போது, எப்படிச் சீறும் என்று தெரிய வேண்டுமானால் அதன் பழைய நடத்தை தெரிய வேண்டும். மருத்துவரிடம் போனால் பழைய சீட்டைக் கேட்பதில்லையா, அப்படி. ஒன்பது, பத்துச் சுழற்சிகளுக்கும் மேலாக ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்கள் உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. கொடைக்கானல் அதில் ஒன்று. அந்தத் தகடுகளை எல்லாம் டிஜிட்டலாக மாற்றியிருக்கிறார்கள். நேரடிக் காந்த அளவீடு இல்லாத பழைய காலத்தில் சூரியனின் காந்தப்புலம் எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் படங்களை வைத்து இன்று கணிக்கிறார்கள். 1910-ல் குளிரில் நடுங்கிக்கொண்டே ஒரு தகட்டைக் கழுவி உலர்த்தி, தேதி எழுதி அலமாரியில் வைத்த ஊழியருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

கொடைக்கானல் ஆய்வகத்துக்கு 1960-ல் வைணு பாப்பு இயக்குநராக வந்தார். அவர் முயற்சியில் 1971-ல் அது இந்திய வான் இயற்பியல் நிறுவனமாக, தனி அமைப்பாக ஆனது. தலைமையகம் பெங்களூருக்குப் போனது. அந்த நிறுவனம்தான் ஆதித்யாவின் முக்கியக் கருவியைக் கட்டியது. அதாவது எழும்பூரில் 1786-ல் தொடங்கிய கோடு, நுங்கம்பாக்கம், கொடைக்கானல், பெங்களூர் வழியாக நேராக ஆதித்யாவில் போய் முடிகிறது.

அந்தக் கருவி என்ன செய்கிறது? சூரியனைச் சுற்றி கொரோனா என்ற மெல்லிய ஒளிவட்டம் உண்டு. சூரியப் பரப்பின் வெப்பம் சுமார் 5,500 டிகிரி. அதற்கு மேலே உள்ள கொரோனா 10 லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. அடுப்பைவிட்டுத் தள்ளிப் போகப்போகச் சூடு ஏறினால் எப்படி இருக்கும்? ஏன் அப்படி என்பது இன்னும் முழுதாகத் தீராத புதிர். சூரியப் புயல்கள் கிளம்புவதும் அங்கேதான். ஆனால் பரப்பின் வெளிச்சத்தில் கொரோனா கண்ணுக்குத் தெரியாது, முழுக் கிரகணத்தில்தான் தெரியும். அதுவும் சில நிமிடம்தான். ஜகதேவ் சிங் என்ற விஞ்ஞானி 1980 கிரகணம் முதல் பல நாடுகளுக்குக் கிரகணத்தைத் தேடிப் பயணம் போனவர். அத்தனை அலைச்சலுக்கும் கிடைத்தது நிமிடக் கணக்கான நேரம். ஒரு வட்டத் தடையை வைத்துச் செயற்கையாகக் கிரகணம் உண்டாக்கி எப்போதும் கொரோனாவைப் பார்க்கும் இந்தக் கருவியின் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது.

பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், பூமி மறைக்காமல் சூரியனை இரவும் பகலும் பார்க்கக்கூடிய ஓரிடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது ஆதித்யா. பெரிய தூரமாகத் தெரியும். ஆனால் சூரியனுக்குப் போகும் வழியில் அது நூற்றில் ஒரு பங்குதான். 2024 ஜூலை 16-ல் சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு வெடிப்பு எப்போது தொடங்கியது என்று அந்தக் கருவியின் தரவை வைத்துக் கணித்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, நம் செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். பெண் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். சோறில்லாத நாட்டில் சூரியனைப் பார்த்து என்ன பயன்?

நம் நாடு சூரியனை முறையாகப் பார்க்க ஆரம்பித்ததே சோறில்லாமல் போனதால்தான். அதனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 378 கோடிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் சூரியனைப் பார்த்ததால் தாது வருஷத்தில் யாரும் சாகவில்லை. இருந்த தானியத்தைக் கொடுக்க மனமில்லாததால் செத்தார்கள். இரண்டு கணக்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். விண்கலத்துக்கு ஆன செலவை விஞ்ஞானியிடம் கேளுங்கள். ஏழை வீட்டில் அடுப்பு எரியாததை ஆட்சியிடம் கேளுங்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பிக்க யாரையும் விடாதீர்கள்.

இந்தக் கதையில் என் மனதைத் தொடுவது பெரிய பெயர்கள் இல்லை. 1813-லிருந்து மதராஸில் மழையை அளந்து எழுதியவர், கொலாபாவில் காந்த ஊசியைக் கவனித்தவர், கொடைக்கானலில் தகடு கழுவியவர், வாக்கருக்காகப் பெருக்கிக் கூட்டியவர். அவர்கள் எழுதியதை வைத்து ஹண்டர் தப்பாகச் சொன்னார், அதே மாதிரி எழுதிய எண்களை வைத்துத்தான் வாக்கர் திருத்தினார். கருத்து வரும், போகும். ஒழுங்காக எழுதி வைத்த பதிவு நிற்கும். 35 பிள்ளைகள் வகுப்பில் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டை எடுப்பவனுக்கு இதன் அருமை தெரியும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் வீட்டுப்பாடம் கொடுக்கும் பழக்கம் போகவில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி அவர்கள் தாத்தா பாட்டி என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். ஊரில் கஞ்சித்தொட்டி எங்கே இருந்தது, யார் வீட்டில் யார் கப்பல் ஏறினார்கள், என்ன கிழங்கைத் தின்று பிழைத்தார்கள், எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று கேட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள். கைபேசியில் குரலாகவும் பதிவு செய்யலாம். கிடைத்ததைக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். அடுத்த முறை கொடைக்கானல் போனால், பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போவதோடு ஆய்வகத்துக்கும் கூட்டிப்போங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.